அரைச் சுற்று

அவருக்குக் காதுக்காரர் என்ற பெயர் வந்தது அவர் வேலை செய்யும் முறையால்தான். பழுதாகி வரும் கம்ப்யூட்டர் எதுவானாலும், திருப்புளியைத் தொடுவதற்கு முன்னால் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பெட்டியின் மேல் தலையைச் சாய்த்துக் காதை வைப்பார். பெட்டி ஒரே ஒரு தடவை குட்டையாகக் கூவினால் உள்ளே எல்லாம் சுகம். நிறுத்தாமல் கூவினால் ராம் என்கிற நினைவகப் பட்டை அதன் இடத்தில் சரியாக உட்காரவில்லை. நீளமாக ஒன்றும் குட்டையாக இரண்டும் என்றால் திரைக்குப் படம் அனுப்பும் அட்டையில் கோளாறு. ஒன்றுமே கூவாமல் ஊமையாக இருந்தால்தான் வில்லங்கம். வாடிக்கையாளர்கள் வாயிலிருந்து ஒரு தகவலும் கிடைக்காது என்பதால் அவர் பெட்டியின் வாயையே நம்பினார். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்று சொல்லாத ஒருவரை இருபது வருடத்தில் அவர் பார்த்ததில்லை. கீழ்ப்பக்கம் தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு வந்தவரும் அதையேதான் சொன்னார்.

எல்லாச் சத்தமும் அவருக்குப் பழக்கம்தான். ஒன்றைத் தவிர. ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் அரைச் சுற்று சுற்றி, 'டிக்' என்று நின்றுவிடும். உள்ளே எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது, அதைக் கண்டுகொண்ட பவர் சப்ளை தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். சாதாரணக் கோளாறு. மாதத்துக்கு இரண்டு தடவையாவது வரும். ஆனால் அதைக் கேட்டதும் அவருக்குப் பிடரி சில்லிட்டுவிடும். கடை வாசலில், தன் முதுகுக்குப் பின்னால், ஒரு பெண்மணி கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்பது போலத் தோன்றும். திரும்பிப் பார்ப்பார். யாரும் இருக்கமாட்டார்கள். ஒன்பது வருடமாக இப்படித்தான்.

கடை ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், தெருவிலிருந்து இறங்கும் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. மேலே யார் ஏறினாலும் இறங்கினாலும் காலடி அவர் தலைக்கு மேல் விழும். ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் காலடிகளில் ஒன்று இறங்கி வந்து வாசலில் நின்றது. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இளைஞன். சட்டைப் பையில் ஏதோ லிஃப்ட் கம்பெனியின் அடையாள அட்டை. கையில் பழைய காலத்துச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று. பக்கவாட்டில், கீழ் மூலையில், ஒரு பள்ளம்.

காதுக்காரர் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். அது அவருக்குத் தெரிந்த பெட்டி.

"வைங்க தம்பி. என்ன கோளாறு?"

"கோளாறு இப்ப இல்ல சார். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி." அவன் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். "இது எங்கக்காவோடது. அக்கா பத்தொன்பது வயசுல போயிட்டா, பஸ் ஆக்ஸிடென்ட்ல. ரேடியோவுல செய்தி வாசிக்கணும்னு அவளுக்கு ஆசை. தினம் சாயங்காலம் மைக்கை வச்சுக்கிட்டு வானிலை அறிக்கை வாசிச்சு வாசிச்சு இதுல பதிவு பண்ணி வைப்பா. அவ போனப்புறம் அம்மா பொழுதன்னைக்கும் இது முன்னாடியே உக்காந்து அதைக் கேட்டுட்டிருந்தாங்க. சாப்பாடு கிடையாது, பேச்சு கிடையாது. வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேங்கறதே அவங்களுக்கு மறந்து போச்சு. ஒரு நாள் எனக்குக் கோவம் வந்துச்சு. பதினேழு வயசு. ஒரு உதை விட்டேன். ஒரே ஒரு உதை."

அவன் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினான்.

"மறுநாள் இது கிளம்பல. அம்மா உங்ககிட்டதான் தூக்கிட்டு வந்தாங்க. நீங்க பார்த்துட்டு, பதிவெல்லாம் இருக்கற டிஸ்க் ஏற்கெனவே போயிடுச்சு, எங்கயாச்சும் அடி பட்டிருக்கும்னு சொன்னீங்களாம்."

காதுக்காரர் கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தார்.

"அதோட சரி. அம்மா என்னைத் திட்டல, அடிக்கல. பேசறதை நிறுத்திட்டாங்க. அடுத்த வருஷமே நான் வீட்டை விட்டுக் கிளம்பிட்டேன். இப்ப அவங்க கீழ விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு கிடக்காங்க. பார்த்துக்க வேற ஆள் இல்லேன்னு வந்திருக்கேன். சோறு போட்டா சாப்பிடறாங்க. கைப்பிடிச்சு நடக்கறாங்க. ஆனா என் மூஞ்சியைப் பார்க்கறதில்ல. சார், நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு லிஃப்ட் நின்னுச்சுன்னா ஏன் நின்னுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் நான் அந்த இடத்தை விட்டுப் போக முடியும். இதுக்கும் அப்படி ஒண்ணு எழுதிக் குடுங்க. என் உதையிலதான் போச்சுன்னா அப்படியே எழுதுங்க, நான் ஏத்துக்கறேன். எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

"வேற கடையில காட்டலாமே தம்பி?" என்றார் காதுக்காரர்.

"பெட்டியை எடுத்தப்ப மட்டும் அம்மா சுவரைப் பார்த்துக்கிட்டே வாயைத் திறந்தாங்க. உங்ககிட்டதான் போகணும்னு சொன்னாங்க. ஒளிவுமறைவு இல்லாத மனுஷன், உள்ளதை உள்ளபடி சொன்னார்னு."

வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு அவன் படியேறிப் போனான். தலைக்கு மேல் அந்தக் காலடி ஒவ்வொன்றாகத் தேய்ந்து மறையும் வரை காதுக்காரர் அசையவில்லை.

அன்றைக்கு நடந்தது அவருக்கு நேற்று நடந்தது போல நினைவிருந்தது. அந்த அம்மா வாசலில் நின்று, "என் பொண்ணு குரல் இதுலதான் இருக்கு, பார்த்துப் பண்ணுங்க" என்றார். அவரும் பார்த்துத்தான் பண்ணினார், முதலில். பவர் சப்ளையைத் திறந்தபோது உள்ளே கெப்பாசிட்டர்கள், மின்சாரத்தைத் தேக்கும் சின்ன உருளைகள், தலை வீங்கி நின்றன. வயதானால் வரும் வீக்கம். அடிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. புதியது ஒன்றைப் பொருத்தினார். அதோடு வந்த கேபிள் டிஸ்க் வரை எட்டவில்லை. இழுப்பறையில் வேறு கம்பெனியின் பழைய கேபிள் ஒன்று கிடந்தது. செருகிப் பார்த்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. வெளியே முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பது அவருக்குத் தெரியும். மீட்டரை வைத்து ஒரு நிமிடம் சோதித்திருந்தால் போதும். மேசையில் இன்னும் நான்கு பெட்டிகள் காத்திருந்தன. சோதிக்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது. முடி பொசுங்கினாற்போல மெல்லிய நாற்றம் ஒன்று எழுந்தது. ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போயிருக்கிறது என்று அந்த நொடியே அவருக்குப் புரிந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் அந்த அம்மா, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் உட்கார்ந்து யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. டிஸ்க் வரும்போதே போயிருந்தது என்று. அதோடு விட்டிருக்கலாம். பொய்க்குக் கொஞ்சம் கனம் சேர்க்க, "எங்கயாச்சும் அடி பட்டிருக்கும்மா" என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த அம்மா "ஓ" என்றார். அழவில்லை. செத்த டிஸ்க்கோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இதுவாவது அவசரத்தில், யோசிக்காமல் நடந்த பிழை. அடுத்தது அப்படியில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால், டிஸ்க் பழுது பார்ப்பவர் ஒருவர் பேச்சுவாக்கில் அவரிடம் ஒன்று சொன்னார். டிஸ்க்கின் அடியில் கடுகு அளவில் ஒரு டயோடு இருக்குமாம். மின்சாரம் எகிறினால் அது தான் செத்து டிஸ்க்கைக் காப்பாற்றுமாம். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் பல டிஸ்க் எழுந்து உட்கார்ந்துவிடுமாம். கேட்ட அன்று மாலையே காதுக்காரர் பழைய ரசீதில் விலாசம் பார்த்து அந்த அம்மாவின் தெருவுக்குப் போனார். மொட்டை மாடியில் காய்ந்த துணியை அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்து மடிப்பது தெரிந்தது. ஒரே ஆளின் துணி. தெருமுனையில் காதுக்காரர் கால் மணி நேரம் நின்றார். என்ன சொல்லிக் கதவைத் தட்டுவது? திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கடையில் அந்த உருவம் இன்னும் கிட்டத்தில் வந்து நிற்க ஆரம்பித்தது.

திங்கள் முழுக்க அவர் பெட்டியைத் தொடவில்லை. செவ்வாயன்று அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தினார். போர்த்திய பிறகு பார்க்க இன்னும் மோசமாக இருந்தது. துணியை எடுத்துவிட்டார். வேறு யாரோ கொண்டுவந்த நல்ல பெட்டியை ஓடவிட்டுக் காதை வைத்தபோதும், அதன் ஃபேன் சத்தத்துக்கு அடியில் மூச்சுவிடுவது போல இன்னொன்று கேட்டது. ப்ளக்கில்கூடச் செருகாத அந்தச் சாம்பல் பெட்டியைப் போய்த் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது.

புதன்கிழமை மத்தியானம், மேல் கடைகள் சாப்பாட்டுக்கு மூடியிருந்த அமைதியில், அவர் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே அவர் கைவேலை அப்படியே இருந்தது. அவர் போட்ட கேபிள், அதைக் கட்ட அவர் முடிச்சுப் போட்ட நூல். டிஸ்க்கின்மேல் அவரே மார்க்கரால் போட்ட பெருக்கல் குறி. இத்தனை வருடத்தில் யாரும் எதையும் மாற்றவில்லை. கொலை நடந்த அறையைப் பூட்டி வைத்தது போல இருந்தது. ஸ்விட்சைப் போட்டார். அரைச் சுற்று. 'டிக்'. இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை. டிஸ்க்கின் இணைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டார். ஃபேன் சுற்றியது. பெட்டி குட்டையாக ஒரு தடவை கூவியது. ராம், போர்டு, அட்டை எல்லாம் சுகம்.

டிஸ்க்கைக் கவிழ்த்து மீட்டர் முனையை அந்தக் கடுகில் வைத்தார். மீட்டர் 'பீ' என்று கத்தியது. டயோடு செத்திருந்தது. பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி அந்த டயோடைப் பெயர்த்து எடுத்தார். சரியான கேபிளை, மூன்று முறை சோதித்துவிட்டு, செருகினார்.

டிஸ்க் முனகிக்கொண்டு எழுந்தது. சீராகச் சுழன்றது.

காதுக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒன்பது வருடமாக இது சாகவே இல்லை.

திரையில் வெளிச்சம் வந்தது. பெட்டிக்குள் இருந்த பேட்டரி தீர்ந்து போனதால் கடிகாரம் முதலுக்கே போயிருந்தது. பெட்டியின் கணக்கில் அது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று. அந்தத் தேதியில் அந்தப் பெண் உயிரோடு இருந்தாள். அவர் முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்தார். இருநூற்றுச் சொச்சம் பதிவுகள். நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்றையாவது திறந்தாக வேண்டும். திறந்தார்.

"வணக்கம். இன்றைய வானிலை அறிக்கை. அடுத்த இருபத்துநான்கு மணி நேரத்தில்..." தெளிவான, கொஞ்சம் விறைப்பான இளம் குரல். பின்னாலிருந்து ஒரு பையன் குரல் அதே ராகத்தில், "மழை பெய்யும், இல்லாட்டிப் பெய்யாது" என்றது. விறைப்பு உடைந்து அவள் சிரித்துவிட்டாள். "போடா எருமை, எல்லாத்தையும் கெடுத்துட்டே!" தூரத்தில், பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, ஒரு பெண் சத்தம் போட்டார்: "ரெண்டு பேரும் வர்றீங்களா இல்லையா? எத்தனை தடவைடா கூப்பிடறது?"

அந்த அம்மாவின் குரல்தான். கடை வாசலில் கேட்ட "ஓ"வுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. காதுக்காரர் சட்டென்று நிறுத்தினார். பிறர் வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்டது போல உடம்பு கூசியது.

வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபோதுதான் மனைவியிடம் சொன்னார். மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள்.

"இப்ப எல்லாம் திரும்பக் கிடைச்சிடுச்சுல்ல?" என்றாள் கடைசியில். "பழியைக் கரண்டு மேல போடுங்க. ஏறி இறங்கினதுல போச்சுன்னு எழுதுங்க. பையன் பேர்லயும் தப்பில்ல, உங்க பேர்லயும் தப்பில்ல. கரண்டு என்ன, வந்து இல்லேன்னா சொல்லப்போகுது?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தான் அவரும் சாயங்காலம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு தாளில் எழுதியும் பார்த்திருந்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்து மனைவியிடம் கொடுத்தார். அவள் படித்தாள். தாளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"அந்தப் பையன் உதைச்சேன்னு தன் வாயாலயே சொன்னானா?"

"சொன்னான்."

"பதினேழு வயசுல பண்ணினதை ஒத்துக்கறான்." தாளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "உங்களுக்கு அப்ப முப்பத்தெட்டு."

எழுந்து கை கழுவப் போனாள்.

வியாழக்கிழமை அந்த இளைஞன் வந்ததும் காதுக்காரர் வேறொரு தாளைக் கொடுத்தார். நான்கு வரிதான். பவர் சப்ளை வயதாகிப் பழுதானது, அடியால் அல்ல. டிஸ்க் நல்ல நிலையில் வந்தது. தவறான கேபிளைச் சோதிக்காமல் பொருத்தி அதைக் கெடுத்தது நான். வாடிக்கையாளரிடம் பொய் சொன்னேன். கீழே கையெழுத்து, தேதி.

அவன் நின்றபடியே படித்தான். இன்னொரு முறை படித்தான். தலைக்கு மேல் யாரோ படியேறினார்கள். அடித்துவிடுவான் என்று காதுக்காரர் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றிற்று.

"பதிவெல்லாம் இருக்கா?"

"ஒண்ணு விடாம இருக்கு தம்பி."

"கடையைச் சாத்துங்க" என்றான். "இதை நீங்களே வந்து அம்மாகிட்டச் சொல்லணும். நான் சொன்னா, நானே எழுதிக்கிட்டேன்னு நினைப்பாங்க."

வழி முழுக்கப் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டான், ஒரு கை பிடிக்கக்கூட விடவில்லை.

அந்த அம்மா ஜன்னலோர நாற்காலியில், இரண்டு கையாலும் ஊன்றுகோலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. காதுக்காரர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். கேபிளைச் சொன்னார், நாற்றத்தைச் சொன்னார், வாய் தானாகப் பேசியதைச் சொன்னார். நான்கு வருடத்துக்கு முன்னால் தெருமுனையில் நின்று திரும்பியதையும் சொன்னார். அதைத் தாளில் எழுதியிருக்கவில்லை. இளைஞன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

அந்த அம்மா கேட்டார்: "அப்ப, அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே கிடைச்சிருக்குமா?"

"இந்த வேலை தெரிஞ்ச யார்கிட்டயாவது போயிருந்தா கிடைச்சிருக்கும்மா."

"என் அலமாரிக்குள்ள ஒன்பது வருஷமா நல்லாத்தான் இருந்திருக்கா?"

'இருந்திருக்கா' என்றுதான் சொன்னார். டிஸ்க்கையா, மகளையா என்று காதுக்காரருக்குத் தெரியவில்லை. "ஆமாம்மா" என்றார்.

அந்த அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி மகனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டியைத் தூக்கி வந்ததில் அவன் சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஒரே ஒரு உதைன்னு நீ சொன்னே" என்றார். "நூறு தடவை சொன்னே."

"விடும்மா."

"எப்படிடா விடறது? இவரை நான் வெளிய போன்னு சொல்லலாம். என்னை யாரு சொல்றது?"

அவன் போய் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அந்த அம்மா அவனைத் தொடவில்லை. தொடலாமா என்று தெரியாதவர் போல ஊன்றுகோலின் பிடியையே தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் காதுக்காரர் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"எப்படிக் கேக்கறதுன்னு இவனுக்குக் காட்டிட்டு நீங்க போயிடுங்க. நான் கேக்கறப்ப நீங்க இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

அவர் ஒயர்களைச் செருகி, திரை வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வெளியேறினார். கேட் வரை யாரும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து இளைஞன் கடைக்கு வந்தான். இன்னும் இரண்டு நகல் வேண்டுமாம், வீட்டில் ஒன்று மட்டும் இருப்பது பயமாக இருக்கிறதாம். நகல் ஓடும் வரை வாசலிலேயே நின்றான். மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை. இந்த ஊர்க் கிளைக்கே வேலையை மாற்றிக்கொண்டதாகச் சொன்னான். கிளம்பும்போது அவனாகவே நின்றான்.

"எல்லாப் பதிவுலயும் பின்னாடி நான் கத்திட்டிருக்கேன் சார். அம்மா ஒரு இடத்துல நிறுத்துவாங்க, திரும்பப் போட்டுக் கேப்பாங்க. முதல்ல அக்காவுக்காகன்னு நினைச்சேன். பார்த்தா, நான் பேசற இடத்தைத்தான் கேக்கறாங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். திரும்பி என்னைப் பார்ப்பாங்க. பேய் அறைஞ்ச மாதிரி பார்ப்பாங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

காதுக்காரர் நகல்களைத் தனித்தனி உறையில் போட்டுக் கொடுத்தார்.

கடை வாசலில் வந்து நிற்கும் உருவம் அதற்கப்புறம் வரவில்லை. போய்த் தொலைந்தது என்று அவரால் சந்தோஷப்பட முடியவில்லை. எங்கே போயிற்று என்பது அவருக்குத் தெரியும்: அந்த அம்மாவின் ஜன்னலோர நாற்காலிக்குப் பின்னால்.

மழைக்காலம் முடியும் சமயத்தில், ஒரு காலை, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அந்த அம்மாவை நேருக்கு நேர் பார்த்தார். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வந்தார். மகன் காதுக்காரரைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த அம்மா மட்டும் நின்றார்.

"ராத்திரி தூக்கம் வருதா உங்களுக்கு?" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது.

"இல்லம்மா" என்றார் காதுக்காரர்.

"எனக்கும் இல்ல" என்றார் அந்த அம்மா. மகன் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாலையின் இரு பக்கமும் பார்த்துவிட்டு நடந்தார்.